இரண்டு சீருடை, மூன்று பதிவேடு

தண்டவாள மனிதர்கள் – 14

சென்ற வாரம் பாயின்ட்ஸ்மேன்களைப் பார்த்தோம். இந்த வாரம், பட்டாளத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர்கள். அவர்களிலும் சித்தூர், திருப்பதிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

பழைய வடஆற்காடு பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த மண். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமான பிறகும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. பெங்களூரை மையமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைவீரருக்கு ராணுவத்தில் ‘தம்பி’ என்றே பெயர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர் வேலை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரையில் நம் டாங்கிகள் கடக்க, கண்ணிவெடி வயலுக்குள் இறங்கி வழி திறந்தவர்கள் இந்தத் தம்பிகள்தான்.

சிப்பாய் பென்ஷனோடு ஊர் திரும்பும்போது வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகும். மத்திய அரசு வேலையில் முன்னாள் படைவீரர்களுக்கு குரூப் சி-யில் 10 சதவீதம், அன்றிருந்த குரூப் டி-யில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருந்தது. அந்த வழியில் ரயில்வேக்கு வந்தவர்கள் கேங்மேனாக, கீமேனாக இரண்டாவது சீருடை அணிந்தார்கள்.

காட்பாடி–பாகாலா–திருப்பதிப் பாதையில் கீமேனின் ஒரு நாளைப் பாருங்கள். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கையில் கொடிகள், பையில் டெட்டனேட்டர். போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மறு தண்டவாளம் என்று கண் எடுக்காமல் நடப்பார். தண்டவாளம் உடைந்து கிடந்தால் வண்டி வரும் திசையில் ஓட வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர். 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். வண்டிக்குள் ஏழுமலையானைப் பார்க்கப் போகும் கூட்டம். அவர்களுக்காக ஓடுகிறவரின் சட்டைக்குள் உத்தரியம். இந்த நாட்டில் நான் பெருமைப்படும் காட்சி இது.

இப்படி வாழ்ந்தவர் இறந்தால் மூன்று பதிவேடுகள் மூடப்படுகின்றன. ஒன்று, ராணுவ ஆவணம். இரண்டு, ரயில்வேயின் சர்வீஸ் ரெஜிஸ்டர். குண்டக்கல் கோட்டம் 1977-ல் தென்னக ரயில்வேயிலிருந்து தென்மத்திய ரயில்வேக்கு மாறியபோது, இவர்களுடைய தலைமையிடமும் சென்னையிலிருந்து செகந்திராபாத்துக்குப் போனது. மூன்றாவது, கோயில் பதிவேடு. அவஸ்தைப்பூசுதல் முடிந்து, மணி அடித்து, அடக்கப் பூசை வைத்து, குழி மந்திரித்த பிறகு பங்குச் சாமியார் எழுதும் நாலு வரி.

மூன்றிலும் ஒரே பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஞானஸ்நானத்தில் சவரிமுத்து, பட்டாளத்தில் முத்து, தெலுங்கு ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து. மனைவியின் பெயருக்கும் இதே கதிதான். இந்த எழுத்துப் பிழைதான், கணவனைப் புதைத்த கையோடு ஒரு பெண்ணை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கிறது.

பட்டாளம், ரயில்வே இரண்டிலும் உழைத்தவரின் மனைவி வெகுகாலம் இரண்டு குடும்ப ஓய்வூதியங்களில் ஒன்றைத்தான் பெற முடிந்தது. இரண்டு உழைப்பையும் ஒன்றாகச் சுருக்கிய அநியாயம் அது. 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டும் உண்டு. ஆனால் இரண்டு பென்ஷன் ஆணைகளிலும் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்க வேண்டும்.

எனவே வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருந்தால், இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த இரண்டு ஆணைகளையும் கோயில் திருமணப் பதிவேட்டின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் மாவட்ட சைனிக் நல அலுவலகத்திலும் ரயில்வே பென்ஷன் பிரிவிலும் அவர் கையெழுத்தோடு இப்போதே மனுக் கொடுங்கள். அப்படியே, எந்தப் போர்முனையில் நின்றார், எந்தக் கிலோமீட்டரில் நடந்தார் என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள். அதை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது.

(தொடரும்)