காரைக்காலும் ஆம்புலன்ஸ் கல்வியும்

காரைக்கால் பிராந்தியம் புதுச்சேரி சர்க்காருக்கு உட்பட்டது. ஆயினும் தலைநகருக்கும் அதற்கும் நடுவே சுமார் 130 கிலோமீட்டர் தூரம் தமிழ்நாட்டு மண் கிடக்கிறது. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஊர் ஊராகக் கடந்துதான் காரைக்கால்வாசி தன் தலைநகரை அடைய வேண்டும். 1954 நவம்பர் முதல் தேதியன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறிற்று. அது போட்ட எல்லைக் கோடுகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அது சரியா தவறா என்ற பழைய விவாதத்தில் இன்று நாம் இறங்கவில்லை. அந்தச் சாலையில் படுத்தபடியே பிரயாணம் செய்ய நேருகிறவனைப் பற்றித்தான் எழுதப் புகுந்தோம்.

திருநள்ளாற்றுச் சாலையில் லாரி மோதித் தலையில் அடிபட்டவன், படகில் நெஞ்சு வலி கண்டு கரைக்குக் கொண்டு வரப்பட்ட மீனவன், பிரசவத்தில் உதிரப்போக்கு நில்லாத பெண் ஆகிய இவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று காரைக்கால் வைத்தியர் தீர்மானித்தால், தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ வண்டி புறப்படுகிறது. புதுச்சேரிக்கென்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அந்த மூன்று மணி நேரமும் வண்டிதான் ஆஸ்பத்திரி. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் வைத்தியன், நர்ஸ், எல்லாம். அவனுக்கு என்ன தெரியும், அதை யார் கற்பித்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வண்டி வாங்கினால் படம் எடுக்கிறோம், கொடி அசைக்கிறோம். உள்ளே உட்காருகிறவன் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கிற்று. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். அதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். அந்த வண்டிகளில் செல்லும் வைத்திய உதவியாளர்களை நர்ஸிங் அல்லது உயிரியல் சார்ந்த படிப்பு முடித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுத்து, சுமார் 50 நாள் பயிற்சி கொடுத்து அனுப்புவது வழக்கம். நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் கணக்கிட்டாலும் 400 மணி நேரம். 2021-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய இணை சுகாதாரத் தொழில்களுக்கான தேசியக் கமிஷன் சட்டமோ, இத்தகைய தொழிலில் பட்டமோ டிப்ளமாவோ பெறுவதற்குக் குறைந்தபட்சம் 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது. அவசர வைத்தியத் தொழிலாளரையும் அச்சட்டத்தின் அட்டவணை பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டப் புத்தகத்துக்கும் சாலைக்கும் உள்ள தூரத்தை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன.

நம் சட்டங்களில் இதைவிட நல்ல வாசகங்களும் உண்டு. அடிபட்டு வந்தவனுக்குப் போலீஸ் சடங்குகளைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கலாகாது என்று 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அடிபட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்துக்குப் ‘பொன்னான நேரம்’ என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டமே இலக்கணம் வகுத்தது. அந்த நேரத்தின் பெரும்பகுதி வண்டியில் கழிகிறது என்பதைச் சட்டம் செய்தவர்கள் யோசித்தார்களா என்பது நமக்குச் சந்தேகமே.

பட்டப்படிப்பே இல்லை என்பதல்ல. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்ற பி.எஸ்ஸி. படிப்பை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ சர்வகலாசாலை நடத்துகிறது. மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. ஆனால் நான்கு வருஷம் சம்பாத்தியமின்றிப் பிள்ளையைப் படிக்க வைக்கப் பட்டினச்சேரி மீனவனால் முடியுமா? நெடுங்காட்டு விவசாயக் கூலியால் முடியுமா?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். இங்கிலீஷ்காரன் செய்வதெல்லாம் வேதவாக்கு என்று நினைக்கும் பேர்வழிகள் அல்ல நாம். நல்லதை நல்லது என்று சொல்வதில் கூச்சமும் இல்லை. 2018 முதல் அங்கே ஆம்புலன்ஸ் ஸ்தாபனமே இளைஞனை வேலைக்கு எடுத்துக்கொண்டு, சம்பளமும் கொடுத்து, சர்வகலாசாலைக்கும் அனுப்புகிறது. வேலை நேரத்திலேயே ஒரு பங்கு படிப்புக்கு ஒதுக்கப்படுகிறது. மூன்று வருஷம் சுமார் கழிந்ததும் பட்டம், பிறகு பதிவு. பதிவில்லாதவன் ‘பாராமெடிக்’ என்று தன்னை அழைத்துக்கொண்டால் அது குற்றம். படிப்புச் செலவோ, 2017-ல் பெரிய முதலாளிகள் மீது விதிக்கப்பட்ட அப்ரண்டிஸ் வரியிலிருந்து வருகிறது; மாணவன் ஒரு காசும் கடன்படுவதில்லை.

பட்டம் எதற்கு, கைப்பழக்கம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் அமெரிக்காவிலுள்ள பிட்ஸ்பர்க் நகரத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1967-ல் அங்கே, வேலையற்ற நீக்ரோ வாலிபர்கள் என்று நகரம் ஒதுக்கி வைத்திருந்தவர்களைப் பொறுக்கியெடுத்து, பீட்டர் சாஃபர் என்ற வைத்திய நிபுணர் அவசர சிகிச்சை கற்பித்தார். ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்பது அந்த ஆம்புலன்ஸ் சேவையின் பெயர். அதுவரை போலீஸ் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போன தேசத்தில், வழியிலேயே வைத்தியம் செய்ய முடியும் என்று நிரூபித்த முன்னோடிகளில் அவர்களும் உண்டு. 1975-ல் நகரசபை சொந்தமாக ஒரு சேவையை ஏற்படுத்தி அதை மூடிவிட்டது. கற்றுக்கொடுத்த வாலிபர்களில் பெரும்பாலோர் புதிய ஏற்பாட்டில் நிலைக்கவில்லை. கையில் திறமை இருந்தது. எவனாலும் பறிக்க முடியாத ஒரு பட்டம் இருக்கவில்லை.

நம் சரித்திரத்திலும் இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1899-ல் போயர் யுத்தம் மூண்டபோது நேட்டாலில் மகாத்மா காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். பாதிரியார் டாக்டர் பூத் அவர்களுக்குக் காயம் கட்டக் கற்பித்தார். சுமார் 300 பேர் சுதந்திரர். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சென்னை ராஜதானியிலிருந்து கப்பலேறிப் போன தமிழரும் தெலுங்கரும் நேட்டாலின் கூலிகளில் மிகுதி. (அதே காலத்துக்குச் சற்று முன்புவரை காரைக்கால் துறையிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலிகள் ஏற்றப்பட்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள்.) காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து நாளொன்றுக்கு 20, 25 மைல் நடந்தார்கள். யுத்தம் முடிந்த பின் படைத் தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. சுமந்த கூலிகள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

ஆகவே நாம் கேட்பது இரண்டும் சேர்ந்த ஏற்பாடு: சம்பளம், பட்டம். இதற்குப் புதிதாக ஒரு ஸ்தாபனம் கட்ட வேண்டியதில்லை. காரைக்காலில் 2016 முதல் ஜிப்மரின் கிளை வைத்தியக் கல்லூரி நடைபெறுகிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் வைத்த வைத்தியப் பள்ளியைத் தன் ஆரம்பமாகச் சொல்லிக்கொள்ளும் ஜிப்மருக்கு, 2008-ம் வருஷச் சட்டப்படி தானே பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டு. அரசினர் பொது ஆஸ்பத்திரி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்ரண்டிஸ் சட்டம் 1961 முதல் நம்மிடம் இருக்கிறது. படிப்போடு தொழில் பழகுதலை இணைத்துப் பட்டம் தரச் சர்வகலாசாலை மானியக் கமிஷனும் 2020-ல் வழிமுறை வெளியிட்டது. பொறியியல் தொழிற்சாலைக்கும் கணக்கர் அலுவலகத்துக்கும் பொருந்துவது ஆம்புலன்ஸுக்கு ஏன் பொருந்தாது என்று கமிஷன்கள் இரண்டும் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

‘அரைகுறை வைத்தியர்களை உண்டாக்குகிறீர்கள்’ என்று வைத்தியர்களில் சிலர் ஆட்சேபிக்கலாம். சுவாசக் குழாயைத் திறந்து வைத்தல், இரத்தத்தை நிறுத்துதல், நரம்பில் திரவம் ஏற்றுதல், நின்ற இருதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்தல் – இவை சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் செய்ய வேண்டியவை. அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவர் ஒருவரும் வண்டியில் இல்லை. எதுவரை செய்யலாம், எங்கே டெலிபோனில் வைத்தியரின் உத்தரவு பெற வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டால் ஆட்சேபத்துக்கு இடமேது?

பணம் எங்கே என்பார்கள். உதவியாளனுக்கு இன்றும் சம்பளம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். கூடுதல் செலவு, அவன் வகுப்பில் இருக்கும் நாட்களில் வண்டியில் ஏறும் மாற்று ஆளுக்கு. முதல் வருஷம் 12 பேரை எடுத்தால் போதும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும், பிரசவ வலியில் ஏறுகிறவள் சற்று ஆறுதல் அடைவாள்.

ஒன்று மட்டும் புதுச்சேரி சர்க்காரால் தனியே ஆகாது. காரைக்கால் மாணவன் தஞ்சாவூர், நாகப்பட்டினம் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவிலும் சில மாதங்கள் வேலை பழக வேண்டும். நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகும் இடம் அதுதானே. அதற்குச் சென்னை சர்க்காரின் சம்மதம் வேண்டும். இரு சட்டசபைகளிலும் நமக்கு அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியைப் போடும்படி அவர்களுக்கு இந்த வாரமே எழுதும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.