செப்சிஸ்: நகரவாசிகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்களிடம் நோயாளியின் நிலையை விளக்கும்போது, 'செப்சிஸ்' என்ற சொல்லை நாங்கள் கூறியவுடன் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: "இது என்ன டாக்டர், புது நோயா? சிறுநீர்த் தொற்று என்றுதானே வந்தோம்?" மாரடைப்பு என்றால் அனைவருக்கும் விளங்குகிறது, பக்கவாதம் என்றாலும் விளங்குகிறது. அவற்றைப் போலவே சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைக்கக்கூடிய செப்சிஸ் மட்டும் இன்னும் பெயர் அறியப்படாத நோயாகவே இருந்து வருகிறது. 2012ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 13ஆம் நாள் உலக செப்சிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி, இந்நோய் எவ்வளவு பரவலானது, ஏன் இவ்வளவு கொடியது, வீட்டிலுள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

செப்சிஸ் என்பது தனியொரு கிருமியால் வரும் நோயன்று. நுரையீரலிலோ, சிறுநீர்ப் பாதையிலோ, வயிற்றிலோ, காலில் ஏற்பட்ட ஒரு சிறு புண்ணிலோ தொற்று தொடங்குகிறது. அதை எதிர்க்க உடலின் நோய் எதிர்ப்பாற்றல் எழுகிறது. பெரும்பாலானோருக்கு அப்போர் தொற்று ஏற்பட்ட இடத்தோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் அந்த எதிர்வினை கட்டுப்பாட்டை இழந்து, உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் கசிகின்றன. குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரிகிறது. ஆங்காங்கே சிறு இரத்த உறைவுகள் தோன்றி உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுக்கின்றன. சிறுநீரகம் சிறுநீரைக் குறைக்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது, மூளை தெளிவை இழக்கிறது. தொற்றின் காரணமாக உறுப்புகள் இவ்வாறு செயலிழக்கத் தொடங்கும் நிலையையே, 2016ஆம் ஆண்டு பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த வரையறை செப்சிஸ் என்று குறிக்கிறது.

உறவினர்களுக்கு எளிதில் புரியட்டும் என்று "இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என நாங்களே பல நேரங்களில் சொல்லிவிடுகிறோம். இது முற்றிலும் சரியான விளக்கமன்று. செப்சிஸ் உள்ள பலருக்கு இரத்தத்தை வளர்சோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமியும் வளர்வதில்லை. 'ப்ளட் கல்ச்சர் நார்மல்' என்ற அறிக்கையைக் கண்டு ஆபத்து நீங்கிவிட்டது என்று குடும்பத்தினர் மகிழ்வதும், அதன்பின் நோயாளியின் நிலை மோசமாவதைக் கண்டு திகைப்பதும் உண்டு. அந்தக் குழப்பத்தில் எங்கள் சொல்லுக்கும் பங்குண்டு.

இந்நோய் எவ்வளவு பரவலானது? 2020ஆம் ஆண்டு சனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வே இன்றும் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதன்படி, 2017ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடியே 89 இலட்சம் பேருக்குச் செப்சிஸ் ஏற்பட்டது. அதனோடு தொடர்புடைய இறப்புகள் 1 கோடியே 10 இலட்சம். அவ்வாண்டு உலகில் நிகழ்ந்த ஐந்து இறப்புகளில் ஒன்று செப்சிஸோடு தொடர்புடையது என்பது இதன் பொருள். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 13 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டு, 29 இலட்சம் பேர் இறந்ததாக அவ்வாய்வு மதிப்பிட்டது. உலகளவில் பாதிக்கப்பட்டவர்களுள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் ஏறத்தாழ 2 கோடி.

இந்த எண்ணிக்கை, அதற்கு முந்தைய மதிப்பீடுகளைப் போல் இருமடங்காக இருந்தது. நோய் திடீரென இருமடங்காகிவிடவில்லை; எண்ணும் முறையே மாறியது. இறப்புச் சான்றிதழில் முதன்மைக் காரணமாக நிமோனியா, நீரிழிவு, புற்றுநோய், விபத்துக் காயம் என்று எழுதப்படுகிறது. இறுதியில் உயிரைப் பறித்தது செப்சிஸாக இருந்தாலும், புள்ளிவிவரத்தில் அப்பெயர் மறைந்துபோகிறது. ஆய்வாளர்கள் 10 கோடிக்கும் மேற்பட்ட இறப்புப் பதிவுகளில் முதற்காரணத்தோடு பிற காரணங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை அளவு புலப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை, செப்சிஸைத் தடுப்பதையும் விரைந்து கண்டறிவதையும் உலகளாவிய முன்னுரிமையாக அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியதுகூட 2017ஆம் ஆண்டு மே மாதத்தில்தான்.

நகரத்தில் வாழ்வோருக்கு ஓர் இயல்பான நம்பிக்கை உண்டு: மருத்துவமனை அருகில் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது, தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறது; இத்தகைய நோய்கள் வசதியற்ற ஊர்களில்தான் உயிரைப் பறிக்கும். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கைகள் அந்த நம்பிக்கைக்குச் சான்றளிக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் இந்தியாவின் 35 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், அங்கிருந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் செப்சிஸ் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் முப்பது நாள்களுக்குள் இறந்தனர்.

செப்சிஸால் எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் நகரத்தில் மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடெங்கும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வின்படி, நீரிழிவு உள்ளோர் கிராமப்புறத்தில் 8.9 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 16.4 விழுக்காடு. டயாலிசிஸ் செய்துகொள்வோர், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், மாற்று உறுப்பு பெற்று நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், சிறுநீர்க் குழாயுடன் வீட்டில் பராமரிக்கப்படும் முதியோர் ஆகியோரெல்லாம் சிகிச்சை கிடைக்கும் நகரங்களில்தான் பெரும்பாலும் வாழ்கின்றனர். மருத்துவம் நீட்டித்துத் தந்த வாழ்நாளில் இவர்கள் தொற்றுக்கு எளிதில் ஆளாகின்றனர். இவற்றோடு, மழைக்காலத்தில் சென்னை போன்ற நகரங்களில் தேங்கும் நீர் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் கொண்டுவருகிறது. இவையும் முற்றினால் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியவையே.

அருகிலேயே மருத்துவமனை இருந்தும் காலம் எவ்வாறு கடந்துபோகிறது என்பதற்கு, நாங்கள் கண்ட பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஒரு சித்திரத்தைத் தருகிறோம். நீரிழிவுள்ள, அறுபது வயதைக் கடந்த ஒரு தாய்க்கு வெள்ளிக்கிழமை சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சொல்லாமல் விட்டுவிடுகிறார். சனிக்கிழமை குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல். மருந்துக்கடையில் பாரசிட்டமாலும், கடைக்காரர் எடுத்துக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை நான்கும் வாங்கப்படுகின்றன. மாலையில் அருகிலுள்ள கிளினிக்கில் ஓர் ஊசியும் ஒரு பாட்டில் குளுக்கோஸும். ஞாயிறன்று காய்ச்சல் இறங்கிவிடுகிறது. வீட்டார் நிம்மதி அடைகின்றனர். அவர் அதிகம் உறங்குகிறார். "அசதியாக இருக்கும், அம்மா தூங்கட்டும்" என்கின்றனர். காலையிலிருந்து அவர் சிறுநீர் கழிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. இரவில் எப்போதோ இறந்துபோன தம் அண்ணன் வந்திருப்பதாகப் பேசுகிறார். காய்ச்சல் உளறல் என்று விட்டுவிடுகின்றனர். திங்கள் அதிகாலையில் கைகால்கள் சில்லிட்டுப்போன பிறகு 108 அழைக்கப்படுகிறது. எங்களிடம் வரும்போது இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 80க்கும் கீழே. வீட்டிலிருந்து மருத்துவமனை நான்கு கிலோமீட்டர்தான்.

இதில் யாருடைய அன்பிலும் குறையில்லை. ஞாயிறன்று தென்பட்ட மூன்று அறிகுறிகள், அதாவது அளவுக்கு மீறிய உறக்கம், சிறுநீர் குறைதல், மனத்தெளிவு மாறுதல் ஆகியவை, காய்ச்சல் இறங்கியதால் எழுந்த நிம்மதியில் மறைந்துவிட்டன. பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கும், தொற்றை நீக்காது. முதியவர்களுக்குச் செப்சிஸில் காய்ச்சல் வராமலும் போகலாம். உடல் வெப்பம் இயல்பைவிடக் குறைவதும் உண்டு. ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மருத்துவர்களும் தவறவிடக்கூடிய நோய் இது. 2012ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ரோரி ஸ்டான்டன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் பள்ளியில் விளையாடும்போது விழுந்து கையில் சிராய்த்துக்கொண்டான். மறுநாள் காய்ச்சலும் வாந்தியும் ஏற்பட, வயிற்றுக் கோளாறு என்று கருதி அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டான். சில நாள்களில் செப்சிஸால் இறந்தான். பெற்றோரின் தொடர் முயற்சியால், செப்சிஸை விரைந்து கண்டறிந்து சிகிச்சை அளிப்பதற்கான நெறிமுறையை 2013ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலம் தன் மருத்துவமனைகளுக்குக் கட்டாயமாக்கியது. அம்மாநிலத்தின் 149 மருத்துவமனைகளில் 49,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட முடிவு, முதற்கட்டச் சிகிச்சை நிறைவேறத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது.

அந்த முதற்கட்டச் சிகிச்சை என்பது எளியதே. இரத்தம் எடுத்து வளர்சோதனைக்கு அனுப்புகிறோம். திசுக்களுக்குப் போதிய இரத்தம் செல்கிறதா என்பதை உணர்த்தும் லாக்டேட் அளவைப் பார்க்கிறோம். நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் செலுத்துகிறோம். அழுத்தம் குறைந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு இம்மருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். திரவமும் ஏற்றப்படுகிறது. அதன் பிறகும் அழுத்தம் உயராவிட்டால் நார்அட்ரினலின் மருந்து தேவைப்படும். தொற்றின் ஊற்றுக்கண்ணை அடைப்பதும் இன்றியமையாதது: சீழ் கட்டியிருந்தால் வடிக்க வேண்டும்; சிறுநீரகக் கல் பாதையை அடைத்திருந்தால் குழாய் வைத்துத் திறக்க வேண்டும். நள்ளிரவில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு நாங்கள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

செப்சிஸுக்கு வழிவகுக்கும் தொற்றுகள் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே தொடங்குகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் இது ஐந்தில் நான்குக்கும் மேல். ஆகவே அதை முதலில் காணும் வாய்ப்பு எங்களுக்கன்று, உங்களுக்கே வாய்க்கிறது. தொற்று உள்ளவர் குழம்பிப் பேசினாலோ, எழுப்பினாலும் தெளியாமல் உறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். ஓய்வாக இருக்கும் பெரியவரின் மூச்சை, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது எச்சரிக்கை. குழந்தைகளுக்கு அளவு வேறு: இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 என்ற அளவை எட்டினால் அது வேகமான மூச்சு. பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடக்கும் சிசுவை மூச்சை எண்ணிக்கொண்டிராமல் உடனே தூக்கி வாருங்கள். அரை நாளாகச் சிறுநீர் இல்லாமை, கைகால் சில்லிடல், தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம் ஆகியவையும் உடனே வர வேண்டிய அறிகுறிகளே. நீரிழிவு உள்ளவருக்கு உணவிலும் மருந்திலும் மாற்றமின்றிச் சர்க்கரை திடீரென உயர்ந்தால், எங்கோ தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அதில் 98 என்று காட்டுவதால் மட்டும் செப்சிஸ் இல்லை என்று முடிவுசெய்ய இயலாது.

வந்ததும், "இவருக்குச் செப்சிஸாக இருக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அதை நாங்கள் குறையாகக் கருத மாட்டோம். ஏற்கெனவே விழுங்கிய மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். சீட்டின்றி வாங்கிய அந்த நான்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் நோயைத் தீர்ப்பதில்லை; வளர்சோதனையில் கிருமி தென்படாமல் செய்துவிடக்கூடும்; மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். 2019ஆம் ஆண்டில் அத்தகைய கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

பிழைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாடிப்படி ஏற இயலாத தளர்ச்சி, மறதி, உறக்கமின்மை, கெட்ட கனவுகள், முடி உதிர்தல் ஆகியவை வாரங்களோ மாதங்களோ நீடிக்கலாம். "இனியும் ஏன் படுத்தே கிடக்கிறார்?" என்று வீட்டார் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம், அது சோம்பலன்று, நோயின் எச்சம். சிறிது சிறிதாக நடக்கவைத்து, புரதம் மிகுந்த உணவு தந்து, சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனைக்குக் குறித்த நாளில் அழைத்து வாருங்கள். முதல் மூன்று மாதங்களில் மீண்டும் தொற்று ஏற்பட்டு மருத்துவமனைக்குத் திரும்புவோர் பலர். அக்காலத்தில் காய்ச்சல் வந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டுடன் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.