வீடு மலையேறும் பொழுது



"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்தவர்கள். ஆகையால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 'குடியிருக்கும் வீட்டை மாற்றிப் பார்' என்பதே அது. இன்று கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் செல்வது எல்லார்க்கும் இயல்பாகிவிட்டது. மாணவர்களாகிய நீங்களும் நாளை பல ஊர்களுக்குக் கட்டிலையும் பீரோவையும் சுமந்து செல்லப் போகிறவர்களே. எனவே வீட்டுப் பொருள்களை இடம் மாற்றும் கலையைப் பற்றி, சேர்வராயன் மலையில் நான் கற்றுக்கொண்ட பாடத்தை வைத்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

சேலம் நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பது ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து அமைந்த பெயர் அது. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் காலத்தில் இங்கே காப்பிப் பயிர் வந்தது. பின்னர்த் தோட்டங்களும் பங்களாக்களும் பள்ளிகளும் வந்தன. அவற்றோடு ஆசிரியர்களும், தோட்ட அலுவலர்களும், வங்கி ஊழியர்களும், ஓய்வு பெற்றவர்களும் தத்தம் தட்டுமுட்டுச் சாமான்களுடன் வந்து சேர்ந்தார்கள். சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இந்த இருபது வளைவுகளும்தான் இன்றைய பேச்சின் கரு.

சுமையேற்றிச் செல்லும் தொழில் நமக்குப் புதியதன்று. சங்க காலத்து உமணர்கள் உப்பு மூட்டைகளை வண்டிகளில் ஏற்றி மேடும் பள்ளமும் கடந்து சென்றார்கள். வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் சேமமாகக் கட்டிச் சென்றார்கள். இச்செய்தியை ஔவையார் புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கியிருக்கிறார். அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி. சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள நாடு. இன்று லாரியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னிச் சக்கரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த உமணர்களின் முன்னறிவே நினைவுக்கு வருகிறது. மென்மையான மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவரும் அறிவுறுத்தியுள்ளார் அல்லவா?

வண்டி செல்ல இயலாத இடங்களில் மனிதனின் தலையும் தோளுமே வண்டிகள். தலைக்குச் சும்மாடு, வழியில் இளைப்பாறச் சுமைதாங்கிக் கல். பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி மீண்டும் ஏற்றிக்கொள்ள வசதியாக, ஆள் உயரத்தில் அக்கல்லை நாட்டினார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை நிறுவும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. சுமப்பவனின் துன்பத்தை உணர்ந்த சமுதாயம் செய்த அறம் அது. 1862ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சேலம் வழியாகப் பேப்பூர் வரை இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. எனினும் மலையடிவாரத்திற்கு மேலே சுமை ஏறுவதற்கு நெடுங்காலம் மனிதரையும் மாட்டையுமே நம்பவேண்டியிருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிரியப் பணியின் பொருட்டுச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஏற்காட்டிற்குக் குடிபெயர்ந்தேன். என் அன்னையார் கலியாணச் சீராகக் கொண்டுவந்த தேக்குமரப் பெட்டகம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பித்தளைக் கீல்கள் பூட்டிய கனமான பெட்டகம். கடைத்தெருவில் ஒரு லாரியை வாய்ப்பேச்சில் அமர்த்தினேன். கூலிக்கு இரண்டு பேர். பட்டியலும் இல்லை, ரசீதும் இல்லை. பொருள்களை ஏற்றி முடிக்கையில் பிற்பகல் நான்கு மணி. பெட்டகத்தை எல்லாவற்றிற்கும் மேலே வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். இளைஞரான தொழிலாளி ஒருவர் சுமையின் மேலேயே அமர்ந்துகொண்டார். அது சட்டத்திற்கும் அறிவிற்கும் மாறானது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஏழெட்டு வளைவுகள் ஏறியதும் அவர் மேலிருந்து குரல் கொடுத்தார்: "ஐயா, கயிறு தளர்ந்துபோச்சுங்க. பத்து நிமிசம் ஓரமா நிறுத்துனா இறுக்கிடலாம்."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டும் என்ற அவசரம் எனக்கு. "மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த மூன்றாவது வளைவில் பெட்டகம் சரிந்தது. அது கீழே விழாமல் தடுக்க அவர் தம் தோளைக் கொடுத்தார். பெட்டகத்தின் மூடி பிளந்தது. அவருடைய காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் அவர் வேலைக்குச் செல்ல இயலவில்லை. மருத்துவச் செலவையும் அந்நாட்களின் கூலியையும் நான் கொடுத்தேன். பெட்டகத்தைப் பற்றி நான் வருந்தியபோது என் அன்னையார் சொன்னது இதுதான்: "மரத்தைத் தச்சன் ஒட்டிக் கொடுப்பான். அந்தப் பிள்ளை தோள் எப்படி இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வா." நிறுத்தச் சொன்னவர் அவர்; நிறுத்த மறுத்தவன் நான். பிழை வண்டியினுடையதும் அன்று, கயிற்றினுடையதும் அன்று.

மலைப்பாதையில் சுமைக்கு ஏன் இத்தனை இடர்ப்பாடு? இதில் நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகமே அடங்கியிருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது, சுமை தன் நேர்வழியிலேயே செல்ல முயல்கிறது. கனமான பொருளை உயரத்தில் வைத்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலேறி, கவிழும் அபாயம் மிகுகிறது. ஏற்றத்தில் பொருள்கள் பின்னோக்கி நகர்கின்றன. இறக்கத்தில் முன்னோக்கி நெருக்குகின்றன. இவ்வாறு மாறி மாறி இழுபடும் கயிறு தளர்வது இயற்கை. ஆகவே கனமானவற்றை அடியில், இடைவெளியின்றி அடுக்கவேண்டும். கயிற்றை இடையிடையே சோதிக்கவேண்டும்.

இறங்குவது ஏறுவதை விடக் கடினம். சுமையோடு ஐந்து டன் எடையுள்ள வண்டி ஒன்று ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்குவதாகக் கொள்வோம். ஏறக்குறைய 1,200 மீட்டர் இறக்கம். அவ்வளவு உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் எங்கேனும் வெப்பமாக வெளிப்பட்டாகவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் இருநூறு லிட்டர் நீரை அறையின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த ஆற்றல் போதும்! இத்தனை வெப்பத்தையும் பிரேக்கே தாங்கவேண்டுமானால் அது பழுத்துப் பயனிழந்துபோகும். அதனால்தான் அனுபவமிக்க ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இறங்கி, எஞ்சினையும் தடையாகப் பயன்படுத்துகிறார். குறுகிய மலைப்பாதையில், இறங்கி வரும் வண்டி ஏறிவரும் வண்டிக்கு வழிவிடவேண்டும் என்பது சாலை விதி. நின்ற இடத்திலிருந்து மேட்டில் மீண்டும் புறப்படுவது அரிதன்றோ?

அடுத்தது ஈரம். சேலத்தின் வறண்ட வெப்பத்தில் பழகிய மரச்சாமான், மலையின் மூடுபனியில் நீரை உறிஞ்சிப் பருக்கிறது. மரம் நார் ஓடும் திசையில் பெரும்பாலும் மாறுவதில்லை. குறுக்குத் திசையிலேயே பருக்கும். வந்த சில வாரங்களில் மேசை இழுப்பறை திறக்க மறுப்பது இதனால்தான். உடனே தச்சரை அழைத்து இழைத்துவிடாதீர்கள். வறண்ட மாதங்கள் வரும்போது மரம் சுருங்கும். இழைத்த இடம் இடைவெளியாகிவிடும். நான் அதையும் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது, காற்றழுத்தம். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு அளவு குறைவு. சமவெளியில் இறுக மூடிய எண்ணெய் டின்னும் ஊறுகாய்ப் புட்டியும் மலையேறும்போது உள்ளிருக்கும் காற்றின் விரிவினால் உப்புகின்றன, மூடி கசிகிறது. அக்கசிவுக்கு என் நூல்களில் ஒரு பெட்டி இரையானது. ஆகவே எண்ணெய் வகைகளையும் நூல்களையும் ஒரே பெட்டியில் வைக்கலாகாது.

இத்தனையையும் முன்னரே எண்ணிப் பார்ப்பதற்கே இன்று இத்தொழிலில் தேர்ந்த நிறுவனங்கள் இருக்கின்றன. நல்ல நிறுவனத்தார் முதலில் வீட்டிற்கு வந்து பொருள்களைப் பார்வையிடுவார்கள். எந்த மாடி, எவ்வளவு அகலமான படிக்கட்டு, போய்ச் சேரும் வீட்டு வாசல் வரை லாரி செல்லுமா என்றெல்லாம் கேட்பார்கள். ஏற்காட்டில் இக்கேள்வி இன்றியமையாதது. நீண்ட லாரிகளுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வா. தோட்டத்து வழிகளில் சிறிய வண்டியே செல்லும். பின்பு கட்டிலையும் மேசையையும் கழற்றி, அந்தந்தத் திருகாணிகளைத் தனித்தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதுவார்கள். மூலைகளுக்கு நெளியட்டை, கண்ணாடிக்குக் காற்றுக் குமிழ்த் தாள், மரத்திற்குக் கம்பளி. குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே வைப்பார்கள். சாய நேர்ந்திருந்தால், உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் தன்னிடம் சேரச் சில மணி நேரம் பொறுத்தே இயக்கச் சொல்வார்கள். சமையல் எரிவாயு உருளையைச் சாமான்களோடு ஏற்றவே கூடாது. நகை, பத்திரம், கல்விச் சான்றிதழ், மருந்து ஆகியவை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பருவமும் பார்க்கவேண்டும். மே மாதக் கோடை விழாக் காலத்தில் மலைப்பாதை வாகனங்களால் நெருங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்துத் தடைப்பட்டது. புறப்படும் நாளை ஒரு நாள் தள்ளிவைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

இனிச் சட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. வாடகைக்குச் சரக்கேற்றிச் செல்வோரின் பொறுப்பை வரையறுத்து 1865ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் எழுந்தது. இப்போது அதற்குப் பதிலாக, 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. அனுப்புவோர் பொருள்களையும் அவற்றின் மதிப்பையும் குறித்து ஒரு படிவம் கொடுக்கவேண்டும். ஏற்றிச் செல்வோர் சரக்கு ரசீது கொடுக்கவேண்டும். பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ, பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்கு வரையில்தான், அதுவும் நாம் குறித்த மதிப்பிற்கு மேற்படாமல், அவர்கள் பொறுப்பாவார்கள். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால் முன்னதாகவே கூடுதல் கட்டணத்திற்கு உடன்படவேண்டும். அல்லது காப்பீடு செய்துகொள்ளவேண்டும். இழப்பு நேர்ந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. பட்டியலும் ரசீதும் இல்லாத என்னைப் போன்றவனுக்கு இவற்றுள் எதுவும் கைகொடுக்காது. குறைந்த வாடகை சொல்லி ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் கூடுதல் கேட்போரும் உண்டு. ஆதலின் ஏற்றுகூலி, இறக்குகூலி, மலைப்பாதைக் கட்டணம் அனைத்தையும் சேர்த்து முன்னதாகவே எழுதி வாங்குவது நலம்.

சட்டம் பொருளைக் காக்கிறது. சுமப்பவரைக் காப்பதும் கடமையல்லவா? ஒருவர் வழக்கமாகத் தூக்கும் சுமை 55 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. உடலுழைப்புத் தொழிலாளர்களின் நலனுக்கெனத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் நலவாரியமும் உள்ளன. நூல்கள் நிறைந்த பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிப் பாருங்கள்; அளவறிந்து சிறு பெட்டிகளில் நிரப்பும் பொறுப்பு நமக்கே உரியது என்பது விளங்கும். வாடகை பேசும்போது, "உங்கள் ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை நான் அன்று கேட்டதில்லை.

பணி ஓய்வு பெற்றுச் சமவெளிக்குத் திரும்பியபோது, ஒரு நிறுவனத்தாரை முறைப்படி அமர்த்தினேன். ஒட்டுப்போட்ட பெட்டகம் பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டது. லாரியில் அடித்தளத்தில் வைக்கப்பட்டது. வண்டியில் அமர்ந்து வந்த மேற்பார்வையாளர் இரண்டாம் வளைவு தாண்டியதும் தாமாகவே வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கிச் சென்று ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, "நேரமாகுதேன்னு நினைக்காதீங்க சார்" என்றார்.

"நன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்" என்றேன். இருபது வளைவுகளுக்குள் நான்கு முறை நிறுத்தினார். வீடு சேர இருட்டிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கியோர் அனைவரும் முழு உடலோடு இறங்கினார்கள்.