நமது ஊரின் அனர்த்த ஆபத்தை நாமே கணக்கிடுவோம்

2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நம்மில் எவரும் மறக்கவில்லை. சீரற்ற காலநிலையால் வீடு திரும்பிக் கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். வயல்வெளியை ஊடறுத்துச் செல்லும் அவ்வீதி மாரியில் நீரில் மூழ்குவது புதிய விடயமல்ல. தெரிந்த ஆபத்துத்தான். ஆனால் அதனை யாரும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கவில்லை.

அனர்த்த ஆபத்து என்பதை மூன்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, என்ன வரக்கூடும்? அம்பாறைக் கரையோரத்தில் 1957 வெள்ளம், 1978 சூறாவளி, 2004 சுனாமி ஆகியவற்றைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் தண்ணீர் எதுவரை வந்தது, எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அது வரும் பாதையில் யார், எது இருக்கிறது? வீடுகள், பாடசாலை, மத்ரஸா, பாலம், கிணறு எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, அவர்களால் தாங்க முடியுமா? ஒரே தெருவில் ஒரே அளவு வெள்ளம் வந்தாலும், மாடி வீட்டுக்காரருக்கும் படுக்கையில் கிடக்கும் வயோதிபத் தாய்க்கும் ஆபத்து ஒன்றல்ல.

இத்துடன் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்பதையும் பார்க்க வேண்டும். சுனாமி அரிதானது, வந்தால் பேரழிவு. வெள்ளம் ஏறக்குறைய ஒவ்வொரு மாரியிலும் வருகிறது. பழகிப்போனதால் அதற்கு நாம் பயப்படுவதில்லை. ஓடும் தண்ணீர் அரை அடி உயரம் இருந்தாலே ஒரு வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும்.

2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் நாட்டில் இதற்கென ஒரு நிலையம் இயங்குகிறது. 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். ஆனால் எந்த வளவில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பது கொழும்புக்குத் தெரியாது, மஹல்லாவுக்குத் தெரியும்.

ஆகவே பள்ளிவாசல் நிருவாகங்கள் கிராம உத்தியோகத்தருடன் சேர்ந்து, ஒக்டோபருக்கு முன் ஒரு நாளை இதற்காக ஒதுக்க வேண்டும். ஊர் வரைபடத்தில் தாழ்ந்த இடங்களையும் அடைபட்ட வடிகான்களையும் குறிக்கட்டும். உதவி தேவைப்படும் வீடுகளின் பட்டியல் ஒன்றும், தோணியும் உழவு இயந்திரமும் வைத்திருப்போரின் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும். தண்ணீர் எந்த அளவைத் தாண்டினால் எந்த வீதியால் யாரும் போகக் கூடாது என்பதை இப்போதே தீர்மானித்து, பாலத்தருகே ஓர் அளவுக் கம்பத்தை நட்டு அறிவிக்கட்டும். மத்ரஸாக்களும் பாடசாலைகளும் பிள்ளைகளை எப்போது அனுப்புவது, எப்போது உள்ளேயே தங்க வைப்பது என்பதை எழுத்தில் வைத்திருக்கட்டும். மழை கொட்டும்போது அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் உயிரைப் பறிக்கிறது.

நடந்த பின் கத்ர் என்று பொறுமை கொள்வது ஈமான். நடக்கு முன் ஒட்டகத்தைக் கட்டி வைப்பதும் அதே ஈமானின் பகுதிதான். அடுத்த மாரிக்கு முன் உங்கள் மஹல்லாவின் பட்டியல் தயாராகுமா?