எண்ணும் வேலை யாருடையது?

1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் உருவாக்கிய ஃபோர்ட்ரானில், ஒரு வேலையை நூறு தடவை செய்யவைக்க ‘டூ 10 ஐ = 1, 100’ என்று அட்டையில் துளையிட்டார்கள். 10 என்று எண்ணிட்ட வரி வரை உள்ளதைத் திரும்பத் திரும்பச் செய், சுற்றுக்கு ஒன்றாக ஐ கூடட்டும் என்று பொருள். அதுவரை கூட்டுவது, ஒப்பிடுவது, பின்னால் தாவுவது எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டளைகளாக எழுதி அலுத்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் அந்த வரியிலேயே ஒரு பள்ளமும் இருந்தது. அன்றைய ஃபோர்ட்ரான் இடைவெளிகளைக் கண்டுகொள்ளாது. கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்தால், ‘டூ10ஐ’ என்றொரு மாறி, அதன் மதிப்பு 1.100 என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராது, லூப்பும் இருக்காது. நூறு தடவை நடக்கவேண்டியது ஒரே தடவையில் முடிந்துபோகும். கமா சரியாக விழுந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது: பல கம்பைலர்கள் சுற்று முடிந்த பிறகே எண்ணைச் சரிபார்த்ததால், ஒருமுறைகூட நடக்கக்கூடாத வேலையும் ஒருமுறை நடந்துவிடும். இந்த இரண்டாவது சிக்கலைத் திருத்த ஃபோர்ட்ரான் 77 வரவேண்டியிருந்தது.

சி மொழி தொடக்கம், நிபந்தனை, கூட்டல் மூன்றையும் ஒரே அடைப்புக்குறிக்குள் கொண்டுவந்தது. நம் கல்லூரிகளில் பலர் முதன்முதலில் எழுதிய லூப் அதுதான். பத்து இடமுள்ள அரேயில் எண்கள் 0 முதல் 9 வரை. ‘<’ வரவேண்டிய இடத்தில் ‘<=’ வந்தால் பதினோராவது இடத்தில் கை வைக்கும்; சி தடுக்காது. பக்கத்து நினைவகத்தில் இருந்தது அழிந்தாலும் தெரியாது. தேர்ந்தவர்களையும் விடாத பிழை இது.

இன்று பைத்தானில் ‘ஃபார் ஐ இன் ரேஞ்ச்(10)’ என்றால் போதும். 0 சேரும், 10 சேராது. முதலைச் சேர்த்துக் கடைசியை விடும் இந்த முறைக்காகக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இலேயே வாதாடினார்: மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால் சுற்றுகளின் எண்ணிக்கை அப்படியே கிடைக்கும். பட்டியல் கையில் இருந்தால் எண்ணே வேண்டாம், ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொள்ளலாம். ஸ்விஃப்ட் 2016இல் சி பாணி லூப்பை நீக்கியேவிட்டது. துணிச்சலான, சரியான முடிவு என்பேன். எல்லையைக் காக்கும் பொறுப்பு மொழியிடம் இருப்பதே நல்லது.

எல்லை சரியாக இருந்தாலும் எண்ணும் மாறியிலேயே சிக்கல் வரலாம். கோ மொழியில் எல்லாச் சுற்றுகளும் ஒரே மாறியைப் பகிர்ந்துவந்தன. பிறகு ஓடட்டும் என்று ஒத்திவைத்த செயல்கள் பெரும்பாலும் கடைசி மதிப்பையே பார்த்தன. 2024இல் வந்த 1.22 பதிப்பு சுற்றுக்கொரு புது மாறி கொடுத்தது. பழைய நிரல்கள் குலையாதிருக்க, அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ குறிப்பிடும் நிரல்களுக்கே அது பொருந்தும்.