மேரி எழுந்துவிட்டது, கவுன்சிலர் எப்போது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சுற்றுலாப் பயணி அபூர்வம். 1870-களின் தொடக்கத்தில் எழுந்த நகராட்சி மாளிகை அது; பிரெஞ்சில் அதைத்தான் மேரி என்பார்கள். 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் பொலபொலவென்று சரிந்தது. உலக வங்கி உதவியோடு சுமார் 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் திறப்பு விழா கண்டது. கட்டியவர்கள் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. கூட்டம் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டிய கவுன்சிலர்களைத்தான் காணோம்.

புதுவைக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். 1880 மார்ச் மாதத்து பிரெஞ்சு ஆணையோடு இங்கே நகராட்சி வந்தது. விடுதலைக்குப் பிறகு 1968-ல் ஒரு தேர்தல். அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல். அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி வரை அறிவித்தும் தேர்தல் நின்றுபோனது. 2006-ல் முதன்முறையாக ஓட்டுப் போட்டவருக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

கவுன்சிலர் இல்லாததற்கும் ஊரில் சேரும் மாசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 14-ஆவது விதி ஒன்று உண்டு. அனுமதி பெற்று இயங்கும் ஆலை ஒவ்வொன்றும் எவ்வளவு தண்ணீர் எடுத்தது, எவ்வளவு கழிவை வெளியேற்றியது என்று ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு அறிக்கை தரவேண்டும். தருகிறார்கள், கோப்பில் சேர்கிறது. ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. தெருவுக்காகக் கேட்க வேண்டியவர் வார்டு உறுப்பினர். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் குடும்பங்களுக்கு அப்படி ஒருவர் இல்லை.

கட்டடங்களின் கதை இன்னும் விசித்திரம். 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. அதைவிடப் பெரிதானாலும் 2006 அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. ரசாயன ஆலை வந்தால் பந்தல் போட்டு மைக்கைக் கையில் கொடுப்பார்கள். நகரின் நடுவே பெரிய பொதுக் கட்டடம் வந்தால் தகரத் தடுப்புதான் முதல் அறிவிப்பு. ஆக, வரைபடத்தை ஊரார் முன்னால் விரித்து வைப்பதற்கு எஞ்சியிருக்கும் இடம் நகர்மன்றம் ஒன்றுதான்.

பிரான்சிலிருந்து சன்னலும் தூணும் வாங்கிக்கொண்ட ஊர் இது. பிரான்சில் இன்றைக்கும் மேரியின் அறிவிப்புப் பலகைக்கு வேலை இருக்கிறது. மாசு உண்டாக்கக்கூடிய பெரிய ஆலைக்கு அனுமதி கொடுத்தால் அந்த ஆணையின் சுருக்கத்தை அந்த ஊர் மேரியில் குறைந்தது ஒரு மாதம் ஒட்டி வைக்க வேண்டும். கட்டட அனுமதியென்றால் மேரியிலோ அந்த ஊரின் இணையதளத்திலோ இரண்டு மாதம். போதாததற்குக் கட்டுமான இடத்திலும் வேலை முடியும்வரை பலகை நிற்க வேண்டும். அதைப் படித்துவிட்டு எதிர்த்து வழக்குப் போடவும் கெடு உண்டு. நம் மேரியில் இப்படி ஒரு பலகை மாட்ட எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படாது. நாலு ஆணியும் ஒரு சுத்தியலும் போதும்.

கவுன்சிலர்கள் வந்தால் கமிஷன்தான் வரும், அதிகாரிகள் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும்.

எனக்குக் கவலை, பெரிய மார்க்கெட் எனப்படும் குபேர் அங்காடியைப் பற்றி. 2017-ல் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. அந்தத் திட்டத்தின் விதிப்படி, முடிவுகளை எடுத்தது அதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி. அதன்கீழ் பெரிய மார்க்கெட்டை மொத்தமாக இடித்துக் கட்டும் யோசனை வந்ததும் வியாபாரிகள் எதிர்த்தார்கள். பகுதி பகுதியாகக் கட்டுங்கள், எங்களை மொத்தமாக வேறிடத்துக்கு அனுப்பாதீர்கள் என்றார்கள். மீன்காரம்மாவும் பூக்காரரும் இதைச் சொல்லத் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. மன்றம் இருந்திருந்தால் அவர்கள் வார்டு உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து பேசியிருப்பார். தீர்மானம் தோற்றிருந்தாலும் யார் என்ன சொன்னார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கும்.

இடிபாட்டுக்கும் விதி இருக்கிறது. 2016-ல் வந்த கட்டுமானக் கழிவு விதிகளின்படி, ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேல் இடிபாடு வந்தால் கழிவு மேலாண்மைத் திட்டத்தைக் கொடுத்து உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதலைப் பெறவேண்டியிருந்தது. பெரிய மார்க்கெட்டை இடித்தால் 300 டன் எந்த மூலைக்கு? அதை ஒட்டிய நேரு வீதியும் பாரதி வீதியும் சாதாரண நாளிலேயே மூச்சு முட்டும் தெருக்கள். அப்படியொரு திட்டத் தாளை வாங்கி முத்திரை குத்த நகராட்சியில் ஊழியர்கள் இருக்கிறார்கள். லாரி எந்த வழியாகப் போகும், எத்தனை மணிக்குப் போகும், தூசுக்குத் தண்ணீர் தெளிப்பது யார் பொறுப்பு என்று எழுந்து நின்று கேட்க 2011-லிருந்து ஒருவரும் இல்லை.