கைத்தொழிலும் கைப்பேசிச் சந்தையும்

ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை ஈர்க்கைச் சீவி விளக்குமாறு கட்டுபவர் உண்டு. குரோஷா ஊசியில் பை, மேசை விரிப்பு பின்னும் தாய்மார்களும் உண்டு. "சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யறதுங்க" என்பார்கள். வாசலுக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்கே அதைக் கொடுத்தும் விடுவார்கள்.

இன்றோ கைப்பேசியிலேயே கடை போடலாம். ஷாப்பி, லசாடா, எட்ஸி என்று சந்தைகள் பல. ஆனால், "கையால் செய்தது" என்று எழுதுமுன் அதன் பொருளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

2005-இல் அமெரிக்காவில் தோன்றிய எட்ஸி, கைவினைப் பொருளுக்குப் பெயர் பெற்ற சந்தை. 2013-இல் அது விதியைத் தளர்த்தியது. வடிவமைப்பு விற்பவருடையதாக இருந்தால், வெளித் தயாரிப்பாளரிடம் கொடுத்தும் செய்து வாங்கலாம் என்றது. நாள் கணக்கில் குனிந்து பின்னியவளின் பையும் வெளியில் செய்வித்த பையும் ஒரே வரிசையில் நின்றால், வாங்குபவர் விலையைத்தானே பார்ப்பார்? 2024-இல்தான் செய்தவர் யார், வடிவமைத்தவர் யார் என்று பிரித்துக் காட்டும் அடையாளங்கள் அங்கே வந்தன.

நமக்கு அடுத்துள்ள கேரித் தீவைப் பாருங்கள். அங்கு வாழும் மா மெரி பூர்வகுடிப் பெண்கள் தாழை ஓலையின் முள்ளை நீக்கி, கீறி, பதப்படுத்தி, சாயமேற்றிப் பாயும் பையும் முடைகிறார்கள். ஆண்கள் மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். பூர்வகுடியினரின் கைவினையை விற்றுத்தரும் 'கெராய் ஓ.ஏ.' தொண்டர் குழு, விற்ற பணம் முழுவதையும் செய்தவரிடமே சேர்க்கிறது. பொருளோடு அதன் கதையும் விலைபோகிறது. நம் ஈர்க்குக்கும் ஊசிக்கும் கதை இல்லையா என்ன!

இனி விலைக் கணக்கு. ஒரு பையை 40 வெள்ளிக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எட்ஸியின் விற்பனைக் கழிவு 6.5 விழுக்காடு, 2022 ஏப்ரல் வரை அது 5 விழுக்காடாக இருந்தது. ஆக 2 வெள்ளி 60 காசு போச்சு. நூலுக்குப் பத்து வெள்ளி. மிச்சம் 27 வெள்ளி 40 காசு. பொருளைப் பட்டியலிடவும் பணம் பெறவும் பிடிப்பது தனி. பின்ன இரண்டு நாள் ஆனதென்றால் நாளொன்றுக்கு 14 வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிக்கு மேல் வருகிறது. "அவ்வளவு விலை யாருங்க கொடுப்பா?" என்ற கேள்வி நியாயமானதே. எல்லாப் பொருளுக்கும் அந்த விலை வராது. நேரத்தை எண்ணிப் பார்த்தால்தான் எதைப் பின்னலாம், எதை விடலாம் என்பது புலப்படும்.

விற்கும் பக்கத்தில் யார் பின்னியது, என்ன நூல், அளவு என்ன, எத்தனை நாளில் அனுப்புவோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கிள்ளானில் மொத்தமாக வாங்கிய பையில் ஒரு மணியைத் தைத்துவிட்டுக் கைவேலை என்று எழுதாதீர்கள். பொய் விவரம் எழுதி விற்பது 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம்.

தொடர்ந்து விற்கிறவர்கள் எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைக்கெனத் தனிப்பெயர் வைத்தால் 60 வெள்ளி.